பச்சைத் துணிக்கு முன்னால் ஏற்காடு

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் எனக்குச் சோறு போடுகிறது. போன மாதம் அக்கா மகன் சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் என் அறைக்கு வந்து நின்றான். கல்லூரிக் கூட்டாளிகளோடு பாட்டு ஒன்று போட்டிருக்கிறானாம், ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் ஆட வேண்டுமாம். பத்துப் பேரை 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றினால் பாதிப் பேர் வாந்தி எடுத்துவிட்டுத்தான் ஆடுவார்கள். “கிரீன் ஸ்கிரீன்ல எடுத்துடலாமா சித்தி?” என்றான். அதாவது, கீழே ஒரு ஹாலில் பச்சைத் துணிக்கு முன்னால் ஆடவைத்து எடுத்துவிட்டு, எடிட்டில் பச்சையை நீக்கி அந்த இடத்தில் மலையை வைப்பது. சரி என்றேன்.

பின்னணியை முதலில் எடுங்கள். பலரும் இதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு அவதிப்படுகிறார்கள். ஒரே ஒரு ஆள் ஏற்காட்டின் பகோடா பாயின்ட் போய், ஸ்டாண்டில் மொபைலை வைத்து இரண்டு நிமிடம் ஓடவிட்டால் போதும். கேமரா எவ்வளவு உயரம், எந்த லென்ஸ், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளட்டும். பனிமூட்டத்தில் நிழல் அழுத்தமாக விழாது. கீழே ஹாலில் முகத்தில் சுள்ளென்று லைட் அடித்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. எல்ஈடி லைட்டுக்குச் சற்று முன்னால் வெள்ளை வேட்டியைக் கட்டி வெளிச்சத்தைப் பரப்புங்கள். ஹாலஜனுக்கு வேண்டாம், வேட்டி பற்றிக்கொள்ளும்.

சின்னக்கடை வீதியில் நான் முதல் தடவை வாங்கியது சாட்டின். லைட் பட்ட இடமெல்லாம் வெள்ளையாக மின்னி அரை நாள் வீண். பளபளப்பில்லாத காட்டன் வாங்கி, இஸ்திரி போட்டு, இழுத்துக் கட்டுங்கள். துணிக்கென்று இரு பக்கமும் தனி லைட். ஆடுபவர்கள் 6 அடியாவது தள்ளி நிற்கட்டும், இல்லாவிட்டால் கன்னத்தில் பச்சை ஏறும்.

பச்சைச் சட்டை ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். கதம்பம்தான் யாருக்கும் நினைவுக்கு வராது. ஒரு பெண் வைத்திருந்த கதம்பத்தில் மரிக்கொழுந்து. பச்சையை நீக்கியதும் கொண்டையில் ஓட்டை ஓட்டையாக மலை தெரிந்தது! கொலுசும் அப்படித்தான், வெள்ளி கண்ணாடி மாதிரி துணியின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். சேலத்தில் கொலுசைக் கழற்றச் சொல்வது லேசில்லை, முழங்காலுக்கு மேலே ஃபிரேம் வைத்துவிட்டேன்.

கேமராவில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி. நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் லைட் மினுக்காது. வேகமான ஆட்டத்துக்கு 1/100. கை மங்கினால் ஓரம் வெட்டுவது கஷ்டம். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) இரண்டையும் தானாக மாறாதபடி லாக் செய்யுங்கள். ஸ்பீக்கரில் ஓடும் பாட்டு கேமரா மைக்கிலும் பதியட்டும், எடிட்டில் வாயசைவைப் பொருத்த அதுதான் கைகொடுக்கும்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். பச்சையை நீக்கிய பிறகு ஆட்களின் முடி, நிழல் மாதிரி கறுத்த இடங்களைக் கொஞ்சம் வெளுக்கவிடுங்கள், பனிக்குள் எதுவும் கன்னங்கரேலென்று தெரியாது. அப்புறம், பனி மட்டும் நகரும் ஷாட் ஒன்றை மங்கலாக அவர்களுக்கு முன்னாலும் ஓடவிடுங்கள்.

பார்த்துவிட்டு அக்கா மகனைத் திட்டினாள்: “ஸ்வெட்டர் போடாம எதுக்குடா மலைக்குப் போன?”