உள்ளே ஓடும் பொழுதும் கையிலுள்ள கடிகாரமும்

மதுரையிலிருந்து தேனி சாலையில் சென்று, நாகமலைப் புதுக்கோட்டையருகே கீழக்குயில்குடிக்குத் திரும்பினால், அடிவாரத்தில் தாமரைக்குளமும் ஆலமரமும் கருப்பசாமி கோயிலும் இருக்க, மேலே சமணமலை நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அகத்தை நோக்கி அமர்ந்த முனிவர்களின் மலை அது என்பதற்குச் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் ஆகிய இடங்களிலுள்ள சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டுகளும் சான்று. அதே மலைக் குகையில்தான் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும், இருட்டிலேயே இருக்கும் வௌவாலுக்குப் பொழுது எப்படித் தெரிகிறது என்று ஆராய்ந்தார்கள். கூண்டில் அடைத்துக் குகைக்குள் வைத்த வௌவால்கள், சுதந்திரமாகப் பறந்து திரும்பும் தம் கூட்டத்தின் போக்குவரத்தைக் கொண்டே தம் உடற்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டன என்பதை 1981-இல் வெளியிட்டார்கள்.

ஜெர்மனியில் உடற்கடிகார ஆய்வாளர் யூர்கன் ஆஷோஃப், வெளியுலகின் நேரம் எட்டாத அறைகளில் மனிதரைத் தங்கவைத்து, ஒரு மணி நேரம் ஆயிற்று என்று தோன்றும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார். விழித்திருக்கும் காலம் நீண்டவர்களுக்கு அந்த ஒரு மணி நேரமும் சேர்ந்து நீண்டது. உணர்வும் அளவும் ஒன்றையொன்று தொடும் இடம் இது. அமைதியாக அமர்ந்து, உடலின் அளவையும் உள்ளத்தின் உணர்வையும் தனித்தனியே எழுதிப் பார்க்கும் பயிற்சியை இங்கிருந்தே தொடங்கலாம்.

ஒரு நோட்டும் நொடிமுள் உள்ள கடிகாரமும் போதும். நோட்டின் இடப்பக்கம் உடலுக்கு, வலப்பக்கம் உள்ளத்துக்கு. உட்கார்ந்ததும் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் வைத்து ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணி எழுதுங்கள். கட்டைவிரலுக்கே துடிப்பு உண்டு என்பதால் அதைப் பயன்படுத்த வேண்டாம். பிறகு நேரத்தைக் குறித்துக்கொண்டு, கடிகாரத்தைத் துணிப்பைக்குள் போட்டுவிட்டு மூச்சைக் கவனியுங்கள். உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதையும் வெளிவிடும்போது தணிவதையும் விரல்நுனியிலேயே உணர முடியும். இதயத்தை அடக்கும் வேகஸ் நரம்பின் பிடி மூச்சோடு தளர்ந்து இறுகுவதே இதற்குக் காரணம். எத்தனையோ ஆண்டுகள் மூச்சுப் பயிற்சி செய்த எனக்கு, இதை முதன்முதலாகத் தொட்டறிந்த மாலை மறக்க முடியாதது.

இருபது நிமிடம் ஆயிற்று என்று தோன்றும்போது, முதலில் வலப்பக்கத்தை எழுதி முடியுங்கள். அதன்பிறகே கடிகாரத்தை எடுங்கள். இந்த வரிசையை மாற்றவே கூடாது. தொடக்கத்தில் நான் நேரத்தை முதலில் பார்த்துவிட்டேன். எண் தெரிந்தவுடன் என் நினைவு அதற்கேற்ப வளைந்துகொண்டதால், ஒரு மாதக் குறிப்புகளை முழுவதும் விட்டுவிட வேண்டியதாயிற்று. என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: இடப்பக்கம், “நாடி 84. இருபது என்று நினைத்தது பதின்மூன்று நிமிடம்.” வலப்பக்கம், “தொண்டையில் இறுக்கம். காலையில் அண்ணன் சொன்ன சொல் திரும்பத் திரும்ப வந்தது. மூன்றாம் முறை வந்தபோது அது கோபமல்ல, பயம் என்று தெரிந்தது.”

பதின்மூன்று என்ற எண் அந்தப் பயத்தை நிரூபிப்பதில்லை. பயம் என்ற சொல்லும் 84-ஐ விளக்கிவிடாது. கண்ணை மூடியதும் மூளையில் நொடிக்குப் பத்து முறையளவில் எழும் மின்னலையை ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்டார். அந்த அலையைப் பார்த்து ஒருவர் யார் முகத்தை நினைத்திருந்தார் என்று சொல்ல முடியாது. ஆகவே இரு பக்கங்களையும் கலக்காமல் ஒரு மாதம் எழுதி, பிறகு அருகருகே வைத்துப் படியுங்கள். எங்கோ படித்ததால் மட்டும் வந்து விழுந்த “ஒளி”, “பேரானந்தம்” போன்ற சொற்களைத் தயங்காமல் அடித்துவிடுங்கள்.

அடுத்த கட்டத்துக்கு மதுரையிலேயே முன்மாதிரி உண்டு. 1896 ஜூலையில் சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில், பதினாறு வயது வேங்கடராமனை மரண பயம் பிடித்தது. பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று அறியப்பட்ட அவர், யாரையும் அழைக்காமல் கைகால்களை விறைத்துப் படுத்து, உதடுகளை மூடிக்கொண்டு, இறப்பது எது என்று உள்ளே தேடினார். பயந்த நிலையைத் தாமே உண்டாக்கிப் பார்த்த அந்தத் துணிவை நான் ஆய்வாளரின் துணிவாகவே கருதுகிறேன். நீங்கள் படுத்து விறைக்க வேண்டியதில்லை, வலப்பக்கத்தில் மீண்டும் மீண்டும் வரும் உணர்ச்சி ஒன்றை எடுத்து, “இது யாருக்கு?” என்று கேட்டு அமருங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள்; எதுவும் தெரியாத நாளில் பக்கம் வெறுமையாகவே இருக்கட்டும். கடுமையான மனச்சோர்வோ பதற்றமோ உள்ளவர்கள் மருத்துவரிடம் பேசிய பிறகே இக்கட்டத்துக்கு வர வேண்டும்.

அமர்வதற்கு அடிவாரத்து ஆலமரத்தடியே போதும். மேலே ஏறினால் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுங்கள். குகைக்குள் விளக்கடித்து வௌவால்களைக் கலைக்காதீர்கள்.