காற்றுக்கும் ஒரு வழி விடுங்கள்

நான் முதன்முதலில் வெண்கலத்தில் வார்த்தது ஒரு சாண் உயர நடனப் பெண் சிலை. கருவை, அதாவது மண் அச்சை, உடைத்துப் பார்த்தால், தூக்கிய கையில் மூன்று விரல்களைக் காணோம். உலோகம் போதவில்லை என்று நினைத்தேன். அப்படியில்லை, விரல் நுனியில் மாட்டிய காற்றுக்கு நான் வழியே விடவில்லை.

மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவதுதான் இந்த முறை. சரி, மெழுகிலிருந்து தொடங்குவோம். தேன்மெழுகோடு குங்கிலியம் என்ற மரப்பிசினைச் சேர்த்து உருக்கி, துணியில் வடிகட்டுங்கள். குங்கிலியம் கூடினால் மெழுகு உடையும், குறைந்தால் வெயிலில் தொய்யும். உருவம் முடிந்ததும் விரல் ரேகையைக்கூட விடாமல் தேய்த்துவிடுங்கள். மெழுகில் ஐந்து நிமிட வேலை, வெண்கலத்தில் அரத்தோடு அரை நாள்.

இனிதான் முக்கியமான இடம். சிலையை வார்க்கப்போகும் நிலையில், பெரும்பாலும் தலைகீழாக, பிடித்துப் பாருங்கள். அடியிலிருந்து தண்ணீர் நிரம்பினால் காற்று எங்கெல்லாம் மாட்டும்? அங்கெல்லாம் மெல்லிய மெழுகுக் குச்சி ஒட்டி மேலே கொண்டுவாருங்கள்; மெழுகு வடிந்ததும் அதுவே காற்று வழி. உலோகம் இறங்கும் வழிக்கான மெழுகுக் குச்சியைச் சிலையின் தடித்த பகுதியில் ஒட்டுங்கள். அது அந்தப் பகுதியைவிடத் தடிமனாக இருக்கட்டும். வழி முதலில் உறைந்துவிட்டால், சுருங்கும் சிலைக்கு உலோகம் கிடைக்காமல் உள்ளே பொத்தலாகிவிடும்.

மொத்த மெழுகையும் எடை போடுங்கள். அதைப்போல ஒன்பது மடங்கு உலோகம் வேண்டும். நான் பத்து மடங்கு எடுப்பேன்.

முதல் பூச்சு சலித்த நுண்மண், தூரிகையால். அதில் குமிழி இருந்தால் சிலையில் மணிமணியாக உலோகம் ஒட்டியிருக்கும். நிழலில் காய்ந்தபின் மணல் கலந்த மண்ணை இரண்டு முறை பூசி, இரும்புக் கம்பியால் கட்டுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் உருகிய உலோகம் பட்டதும் நீராவி வெடிக்கும், அதனால் காய்வதில் அவசரம் கூடாது.

அப்புறம் கருவின் வாயைக் கீழாக்கிச் சூடேற்றி மெழுகை வடித்து, கரு சிவக்கும்வரை சுடுங்கள். சூடு ஆறுமுன் வாய் மேலாகக் குழியில் புதைத்துவிடுங்கள்.

செம்பு 90 பங்கு, வெள்ளீயம் 10 பங்கு. ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸில் முழுதும் உருகும், நான் 1100-ஐ ஒட்டி ஊற்றுவேன். தோல் மேலங்கி, முகக்கவசம், காலடியில் உலர்ந்த மணல். சிமென்ட் தரையில் சிந்தினால் சில்லு தெறிக்கும். உலோகம் உருக்கும் பாத்திரமான மூசையில் மிதக்கும் கசடை ஒதுக்கி, நடுவில் நிறுத்தாமல் ஊற்றுங்கள். காற்று வழிகளில் உலோகம் எட்டிப் பார்த்தால் நிரம்பிவிட்டது.

மறுநாள் உடைக்கலாம். என் நடனக்காரிக்கு விரல்களைத் தனியே வார்த்துப் பற்றவைத்தேன். கலவை கொஞ்சம் மாறியதில் அவை மட்டும் இன்றும் சற்றுச் சிவப்பு.