தேவிகுளத்தில் புகைபோக்கி ஒழுகியபோது
தேவிகுளத்தில் நாங்கள் குடியிருக்கும் பழைய எஸ்டேட் பங்களாவில், தென்மேற்குப் பருவமழை வந்தாலே கணப்படுப்பில் கரிநீர் வடியும். எல்லாரும் கூரை ஓடுகளைக் குறை சொன்னார்கள். குற்றவாளி புகைபோக்கியின் உச்சி. அங்கிருந்த சிமெண்டுப் பூச்சு வெடித்து, உள்ளே இறங்கிய நீர் சுண்ணாம்புக் காரையை அரித்திருந்தது. மாசி வெயிலில் கொத்தனார் அண்ணன் பூச்சைப் பெயர்த்தார். செங்கல் இணைப்புகளைச் சுண்ணாம்புக் காரையாலேயே அடைத்தோம். மிருதுவான பழைய செங்கலுக்குக் கெட்டிச் சிமெண்டு ஆகாது. மேலே கான்கிரீட் பலகை: வெளிப்பக்கம் சரிவு, சுவரைத் தாண்டி 2 அங்குலம் நீட்சி, அடியில் நீர் சொட்டுவதற்கு ஒரு காடி, அதாவது நீளவாக்கில் ஒரு சிறு பள்ளம். அந்தக் காடி இல்லையென்றால் நீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்குத் திரும்பிவிடும். துருப்பிடித்த தகர மூடி போய், வலை சுற்றிய எவர்சில்வர் மூடி வந்தது. வலையில் கரி அடையும். ஆண்டுக்கொருமுறை ஏறித் துடைக்க வேண்டும், அது மைத்துனர் பொறுப்பு.