வார்டு செவிலியருக்கு ஒரு பக்கக் குறிப்பு: மறதிநோயாளரின் குடும்பத்தார் செய்யக்கூடிய உதவி

இடுப்பெலும்பு முறிவுக்காகவோ நிமோனியாவுக்காகவோ சேர்க்கப்படும் மறதிநோயாளரை (டிமென்ஷியா உள்ளவரை) முதல்முறையாகப் பார்க்கும் செவிலியருக்குக் கேஸ் ஷீட்டிலிருந்து நோய் தெரியும், ஆள் தெரியாது. பிரிட்டனில் அல்சைமர்ஸ் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனம், அந்த ஆளைப் பற்றி எழுதித் தருவதற்கென்றே ‘திஸ் இஸ் மீ’ (இதுதான் நான்) என்ற படிவத்தை வழங்குகிறது. நமக்கு ஒரு வெள்ளைத்தாள் போதும்.

அவரை வீட்டில் எப்படி அழைப்பீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள். ‘பாட்டி’ என்றால் திரும்பிப் பாராத ஓய்வுபெற்ற ஆசிரியை, ‘டீச்சர்’ என்றதும் ஊசிக்குக் கையை நீட்டக்கூடும். அடுத்து, சொல்ல இயலாத தேவைகளை அவர் எப்படிக் காட்டுகிறார் என்பதை எழுதுங்கள். சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டே கட்டிலைவிட்டு இறங்க முயல்வது சிறுநீர் கழிக்கத்தான் என்று வீட்டாருக்குத் தெரியும். இரவுப் பணியில் இருப்பவர் அதைப் பதற்றம் என்று எண்ணினால், அது தூக்க மருந்தில் போய் முடியலாம். மூக்குக்கண்ணாடி, பல்செட், காதுகேட்கும் கருவி ஆகியவற்றையும் குறித்துவிடுங்கள்.

மருத்துவருக்கு மிகவும் பயன்படுவது, போன வாரம் அவர் எப்படி இருந்தார் என்ற விவரமே. மறதிநோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் முற்றுவது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வரும் குழப்பம் டெலிரியம் என்ற வேறு நிலையாக இருக்கலாம், அதற்குச் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, மருந்து எனத் தேடிச் சரிசெய்யக்கூடிய காரணம் பெரும்பாலும் இருக்கும். ஆகவே ‘எப்போதும் இப்படித்தான்’ என்று சொல்லிவிடாமல், ‘செவ்வாய் வரை தானே குளித்தார், புதன் இரவிலிருந்துதான் மகனைத் தெரியவில்லை’ என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். மாத்திரை அட்டைகளையெல்லாம் கையோடு கொண்டுசெல்லுங்கள். கடையில் கேட்டு வாங்கிய குளோர்பெனிரமின் போன்ற சளி மாத்திரையும் குழப்பத்தைக் கூட்டக்கூடும்.

தொட்டால் அடிப்பார், ஏசுவார் என்றால் கூச்சப்படாமல் முன்பே எழுதிவிடுங்கள். எதிர்பாராமல் அடி வாங்கியவரிடம் பிறகு பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமன்று. முகத்துக்கு நேரே நின்று, செய்யப்போவதைச் சொல்லிவிட்டுத் தொட்டால் அடங்குவார் என்றால், அதையும் சேருங்கள்.

பணிமுறை மாறும்போதெல்லாம் செவிலியரும் மாறுவதால், தாளைக் கேஸ் ஷீட்டுடன் வைக்கும்படி கேளுங்கள். உணவு வேளையிலும் பொழுது சாயும் நேரத்திலும் தெரிந்த முகம் ஒன்று அருகில் இருக்கட்டும். மருத்துவரிடம் குடும்பத்தில் ஒருவரே பேசட்டும். வீடு திரும்பும் நாளில், வார்டில் எது பலித்தது என்று செவிலியரிடம் விசாரித்து, அடுத்த முறைக்கு அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.