ரெட்டைக்குழல் உதைக்கிறதா? முதலில் கட்டையைப் பாருங்கள்

துப்பாக்கி உதைக்கிறது என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எடுத்த எடுப்பில் கேட்பது, துப்பாக்கியின் பின்முனையில் தோள் படும் இடத்தில் வைக்கும் ரப்பர் பேட். "தடியா ஒண்ணு வச்சுக் குடுங்க ஆசாரி, போதும்" என்பார்கள். நான் பேட்டை எடுக்கமாட்டேன். துப்பாக்கியைத் திறந்து தோட்டா போடும் இரண்டு அறையும் காலி என்று அவர் கண்ணெதிரே பார்த்துவிட்டு, அவர் கையிலேயே கொடுத்துத் தோளில் வைக்கச் சொல்வேன். கட்டை, அதாவது குழலுக்குப் பின்னால் தோளில் வைக்கும் மரப்பாகம், அவர் உடம்புக்குப் பொருந்தவில்லை என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். பொருந்தாத கட்டைக்கு எவ்வளவு தடி ரப்பர் வைத்தாலும் தோள்வலி கொஞ்சம் குறையும், கன்னத்தில் விழுகிற அடி குறையாது. அதனால் முதலில் அளவு, அடுத்து தோட்டா, கடைசியில்தான் பேட். நான் வேலை செய்கிற வரிசை இது.

நாங்கள் தஞ்சாவூரில் வீணைக் குடம் குடைந்த குடும்பம். இப்போது திருச்சியில் உரிமம் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் கட்டை வேலை மட்டும் என் பொறுப்பு. உரிமம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே உரிமம் வேண்டும். குழலை வெட்டிக் குட்டையாக்குவது தனிக் குற்றம். ஆகவே அளவெடுப்பது, தோலுறை போடுவது, எண்ணெய் தேய்ப்பது எல்லாம் வீட்டில் செய்யுங்கள். கட்டையை அறுப்பது, வளைப்பது, பூட்டை (சுடும் இயந்திரப் பகுதியை)க் கழற்றுவது கடையில் நடக்கட்டும். தெருக்கோடித் தச்சரிடம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பலவற்றில் அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்று கடையில் கிடைக்கும் 12 போர் (குழல் அளவின் பெயர்) தோட்டா பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். அது அந்த அறைக்குள் நுழையும், மூடவும் மூடும். வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். உதை ஏறுவது மட்டுமில்லை, துப்பாக்கிக்கே ஆபத்து. குழலைக் கழற்றி அடிப்பக்கத் தட்டையில் உள்ள முத்திரையைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் கடையில் காட்டாமல் ஒரு தோட்டாவும் போடாதீர்கள்.

சரி, அளவுக்கு வருவோம்.

நீளம் என்பது இரண்டு விசைகளில் முன்னால் இருப்பதிலிருந்து கட்டையின் அடி (தோளில் படும் முகம்) நடு வரை. இங்கிலாந்தில் செய்த துப்பாக்கிகளில் சராசரி உயர ஆணுக்கு இது பதினாலரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். நம் ஊர் உடம்புக்கு இது அநேகமாக அதிகம். முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து விரல் விசையைத் தொடுகிறதா என்று பார்க்கும் வழக்கத்தை நான் நம்புவதில்லை. அது முன்கையை மட்டும் அளக்கிறது. கழுத்து நீளமா, மார்பு அகலமா, கன்னம் எங்கே படுகிறது என்பதெல்லாம் அதில் வராது. துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கன்னத்தை வைத்த பிறகு, பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலின் அடிப்பகுதிக்கும் உங்கள் மூக்குக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளியே இல்லையென்றால் கட்டை குட்டை, கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். தோளுக்கு ஏற்றும்போது அக்குளில் சட்டை மாட்டினால் கட்டை நீளம்.

அடுத்தது கன்னம் படுகிற மேல் விளிம்பு. நாங்கள் அதை முதுகு என்போம். துப்பாக்கியைத் தலைகீழாக மேஜையில் வையுங்கள், முன்மணி (குழல்முனையில் குறிபார்க்கும் சிறு குமிழ்) மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். இரண்டு குழலுக்கும் நடுவில் ஓடும் பட்டை மேஜையில் ஒட்டிப் படிந்ததும், மேஜையிலிருந்து முதுகின் முன்முனைக்கும் பின்முனைக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முன்னே ஒன்றரை, பின்னே இரண்டு அல்லது இரண்டேகால் அங்குலம் இருந்தால் வழக்கமான கட்டை. பழைய துப்பாக்கிகளில் பின்முனை மூன்று அங்குலம் வரை இறங்கிக் கிடக்கும். அதில்தான் கன்னம் அடி வாங்கும். குழல் மேலே, தோள் கீழே என்று இருப்பதால் சுட்டவுடன் முனை எகிறும், முதுகு கன்னத்தை நோக்கி வரும். முதுகு நேராக இருந்தால் உதை அதே கோட்டில் தோளுக்குள் போகும். அது தாங்கக்கூடிய உதை.

வலதுகைக்காரருக்குக் கட்டை பின்புறம் கால் அங்குலம் போல வலப்பக்கம் ஒதுங்கியிருப்பது சகஜம். அப்போதுதான் கழுத்தைச் சாய்க்காமல் கண் நடுப்பட்டைக்கு நேரே வரும். கட்டையின் அடிச்சரிவும் முக்கியம். அடியின் மேல் மூலையும் கீழ் மூலையும் ஒரே நேரத்தில் தோளில் படிய வேண்டும். கீழ் மூலை முந்திக்கொண்டால் மார்பில் குத்தும். மேல் மூலை முந்தினால் கட்டை தோளில் மேலேறிக் கன்னத்தில் மோதும்.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார்கள். அவருடைய அப்பா வைத்திருந்த ரெட்டைக்குழல், அவர் காலமான பிறகு தன் பெயருக்கு உரிமம் வாங்கியிருந்தார்கள். அப்பா நல்ல உயரம், இந்த அம்மா அவ்வளவு உயரமில்லை. ரைஃபிள் கிளப்பில் பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடப் பழகுகிறார்கள், தோளுக்குக் கீழே மார்பில் கன்றிப்போய் நீலம் பாரித்திருக்கிறது என்றார்கள். நீளம் பதினாலே முக்கால், கீழ் மூலை கூராக முன்னே நிற்கிறது. "அப்பா கையில இருந்த கட்டைங்க, அறுக்கணுமா?" என்று கேட்டார்கள். உடனே அறுக்க வேண்டாம் என்று சொல்லி, முதலில் தோலுறையில் முதுகை மட்டும் சரிசெய்து சுட்டுப் பார்க்கச் சொன்னேன்.

இந்தத் தோலுறையை எல்லாருமே வீட்டில் செய்துகொள்ளலாம். கட்டையின் பின்பாகத்தைச் செய்தித்தாளில் சுற்றி, அடிவிளிம்பில் இரு பக்கமும் சந்திக்கும் இடத்தைக் குறித்து வெட்டினால் மாதிரி கிடைத்துவிடும். அதை 2 மில்லிமீட்டர் மாட்டுத்தோலில் வெட்டி, சந்திக்கும் விளிம்புகளில் அரை அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு, ஷூ கட்டுவதுபோல் கயிறு கோத்து இழுத்துக் கட்டுங்கள். செருப்புத் தைப்பவரிடம் மாதிரியைக் கொடுத்தால் நம்மைவிட நேர்த்தியாகச் செய்து கொடுப்பார். கட்டுவதற்கு முன் முதுகின் மேல், உறைக்கு உள்ளே, ஒன்றரை மில்லிமீட்டர் தோல் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். பட்டையின் முன்விளிம்பைச் சீவி மெலிதாக்காவிட்டால் அந்த விளிம்பே கன்னத்தை அறுக்கும்.

எத்தனை பட்டை என்பதைக் காகிதம் சொல்லும். கிளப்பில் 16 கஜத்தில், சுமார் பதினைந்து மீட்டரில், பெரிய தாளை நிறுத்தி நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். குறி பார்த்துக்கொண்டு நிற்காமல், தோளுக்கு ஏற்றியவுடன் சுடுங்கள். ஒரே தாளில் நாலைந்து தடவை சுட்டால் ரவைக் கூட்டத்தின் (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகளின்) நடு எங்கே விழுகிறது என்று தெரியும். கண்ணிலிருந்து குழல்முனை சுமார் 36 அங்குலம். 16 கஜம் என்றால் 576 அங்குலம், அதாவது 16 மடங்கு. ஆகவே தாளில் ஓர் அங்குலம் கீழே விழுந்தால் முதுகை ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உயர்த்த வேண்டும். அது கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமீட்டர், அதாவது ஒரு தோல் பட்டை. இரண்டு அங்குலம் கீழே என்றால் இரண்டு பட்டை. உளியே தொடாமல் கட்டையின் சரியான உயரம் கைக்கு வந்துவிடும். இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. சுட்டு முடித்ததும் உறையைக் கழற்றிவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் தோலைக் கட்டியே வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

தோட்டா விஷயத்தில் பலர் கவனமே செலுத்துவதில்லை. டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் என்ற இங்கிலீஷ் துப்பாக்கி செய்பவர் சொன்ன விதி ஒன்று உண்டு: துப்பாக்கியின் எடை, ரவை எடையைப்போல் 96 மடங்கு இருக்க வேண்டும். 28 கிராம் ரவைக்கு 2.7 கிலோ, 32 கிராமுக்கு மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல், 36 கிராமுக்கு ஏறக்குறைய மூன்றரை கிலோ. மூன்று கிலோ துப்பாக்கியில் 36 கிராம் போட்டுவிட்டு உதைக்கிறது என்றால் யாரைக் குறை சொல்வது? நான் போட்டுப் பார்த்த கணக்கில், 3.2 கிலோ துப்பாக்கியில் வழக்கமான 32 கிராம் தோட்டாவின் பின்னுதை ஏறத்தாழ 31 ஜூல். 24 கிராமுக்கு மாறினால் 21, 22 ஜூலுக்கு இறங்கிவிடும். அதுவே 32 கிராமை வைத்துக்கொண்டு கட்டைக்குள் 300 கிராம் ஈயம் சேர்த்தால் 28தான் வரும், துப்பாக்கியும் பின்பாரமாகிவிடும். ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டைச் சுடும் ட்ராப் போட்டியில் உச்ச அளவே 24 கிராம்தான். நம் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர் பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டதும் அந்தப் போட்டியில்தான். தட்டு உடைவதற்கு அது தாராளம்.

பிறகுதான் பேட். இங்கே கணக்குத் தவறக்கூடாது. பேட் ஓர் அங்குலத் தடிமன் என்றால் அறுக்கும்போது அதையும் சேர்க்க வேண்டும். மன்னார்குடி அம்மாவுக்குப் பதின்மூன்றே முக்கால் சரியாக வந்தது. பதினாலே முக்காலில் இரண்டு அங்குலம் அறுத்து, ஓர் அங்குலப் பேட் வைத்தேன். அறுக்கும் கோட்டில் ஒட்டுநாடா சுற்றி அதன் மேல் குறித்தால் விளிம்பு சிம்பு விடாது. பொடிப்பல் ரம்பம்தான் வேண்டும். அறுக்கும்போதே கீழ் மூலையை உள்ளே வாங்கிச் சரிவையும் மாற்றிவிட்டேன். அறுத்த துண்டில் பெயரும் தேதியும் எழுதி அவர்களிடமே கொடுத்தேன். நாளைக்கு உயரமான பேரனோ பேத்தியோ வந்தால் அதே மரம், அதே ரேகை, திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். உங்கள் கடைக்காரரிடமும் துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெறும் ரப்பர் வியர்வைச் சட்டையில் ஒட்டும், தோளுக்கு ஏற்றும்போது பாதியில் நின்றுவிடும். சித்திரை வெயிலில் தஞ்சாவூரில் சுடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய தோல் போர்த்திய பேட் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். கொஞ்சம் கூடுதல் கூலி ஆகும், ஆனாலும் அதையே கேளுங்கள்.

பேட் வைக்குமுன் அறுத்த முகத்தை அடைக்க மறந்துவிடக் கூடாது. மரம் ஈரம் குடிப்பது அந்த முகத்தின் வழியாகத்தான். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் குடித்து, பங்குனியில் உலர்ந்தால் திருகு பிடித்த இடத்தில் கீறல் விடும். ஆளிவிதை எண்ணெயைக் குடிக்கிற மட்டும் குடிக்க வைத்து, காய்ந்ததும் வார்னிஷ் ஒரு பூச்சு போதும். வெளிப்பக்கத்துக்கும் அதே எண்ணெயை உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுச் சூடேறத் தேய்த்து, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி தேய்க்க வேண்டும். தேங்காயெண்ணெய் போடாதீர்கள். அது என்றைக்கும் காயாது, பிசுக்குதான் மிஞ்சும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடவும் கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

கட்டை பிளந்துபோய்ப் புதிதாகச் செய்வதென்றால் வால்நட் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நம் வாகையைச் சொல்வேன். மர வியாபாரத்தில் அதற்குக் கிழக்கிந்திய வால்நட் என்றே பெயர். ஈட்டி மரம் அழகு, ஆனால் பாரம். எங்கள் வீணைப் பலாவை இதற்கு நான் எடுக்கமாட்டேன். எந்த மரமானாலும் கை பிடிக்கிற கழுத்துப் பகுதியில் ரேகை நேராக ஓட வேண்டும். அங்கே ரேகை குறுக்கே வெட்டினால் உதையில் முறியும்.

வீட்டில் குழல்முனை கீழே இருக்கும்படி சாய்த்து வையுங்கள். மேல்நோக்கி நின்றால் பூட்டுக்குப் போட்ட எண்ணெய் வழிந்து கட்டையின் தலைக்குள் இறங்கி மரத்தைக் கறுத்து மெத்தென்று ஆக்கிவிடும். தேர்தல் வந்து துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னால், கொடுப்பதற்கு முன் உலோகத்தில் மட்டும் எண்ணெய் போட்டு, உபரியைத் துடைத்துவிட்டுக் கொடுங்கள். திரும்பி வந்ததும் கட்டையைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். பூட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் நூலளவு அசைவு தெரிந்தாலும் சுடாமல் கடைக்குக் கொண்டுவந்து திருகை இறுக்கச் சொல்லுங்கள்.