ஏர் ரைபிளில் பீப் சைட் பொருத்திச் சரிசெய்தல்

குழலில் பெல்லட் (சிறு ஈயக் குண்டு) இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, பீப் சைட், அதாவது சிறு துளை வழியே குறிபார்க்க உதவும் பின் சைட், அமர வேண்டிய டவ்டெயில் தண்டவாளத்தை (துப்பாக்கியின் மேற்புறத்தில் பக்கவாட்டில் பள்ளமிட்ட பகுதி; பெரும்பாலான ஏர் ரைபிள்களில் 11 மி.மீ. அகலம்) எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைக்க வேண்டும். குழலின்மேல் பழைய பின் சைட் இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள்.

வழக்கம்போல் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்து, தலையை முன்னே நீட்டாமல் பார்க்கும்போது, துளை கண்ணுக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் வரும் இடத்தில் திருகை இறுக்க வேண்டும். ஸ்பிரிங் துப்பாக்கி உதைக்கும் என்பதால் அதில் இடைவெளி சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். அந்த உதைப்பே சைட்டை நகர்த்திவிடவும் கூடும் என்பதால், திருகுகளை அவ்வப்போது சோதிப்பது அவசியம்.

சுடுவதற்கு முன், சைட்டை நகர்த்தும் ஒவ்வொரு திருகுகுமிழையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கிளிக்குகளை எண்ணியபடி திருப்பி, பாதித் தொலைவில் நிறுத்துங்கள். பிறகு 10 மீட்டரில், பின்னால் பெல்லட்டைத் தடுக்கும் பொறியுள்ள அட்டையில், ஒரே குறியில் ஐந்து முறை சுட வேண்டும். அட்டையில் விழுந்த ஒரேயொரு துளையை நம்பித் திருகுகுமிழைத் திருப்புவதுதான் பலர் செய்யும் தவறு. ஐந்தின் நடுவைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். பெல்லட்டுகள் இடப்புறம் விழுந்தால் பின் சைட்டை வலப்புறமும், தாழ விழுந்தால் மேலேயும் நகர்த்த வேண்டும். ஒரு கிளிக்குக்கு எவ்வளவு நகர்கிறது என்பதை, பத்துக் கிளிக் திருப்பிச் சுட்டு, அளந்து வகுத்தால் அறியலாம்.

பீப் சைட்டின் துளைக்குள் முன் சைட்டை நடுப்படுத்தக் கண் தானாகவே பழகிவிடும்; பார்வைக் கூர்மை முன் சைட்டின் மீதே நிற்க வேண்டும், குறி சற்று மங்கலாகத் தெரிந்தால் பாதகமில்லை. வெளிச்சம் குறைவெனில் துளையைச் சிறிது பெரிதாக்கலாம்.