கில்ட் கட்டும்போது செய்யக்கூடாத தவறுகள்

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும், முழங்கால் வரை நீளும் கொசுவம் வைத்த பாவாடை போன்ற உடை. டார்டன் என்பது அதன் கட்டம் போட்ட நெசவு, குலத்துக்குக் குலம் வேறுபடும். எடின்பரோவிலோ கிளாஸ்கோவிலோ ஒரு கல்யாணத்துக்காக வாடகைக் கடைக்குக் கில்ட் எடுக்கப் போகிறவர்கள் பலர் முதலில் கேட்பது, "இது வேறு குலத்து டார்டனாயிற்றே, நான் போடலாமா?" என்றுதான். தாராளமாகப் போடலாம், எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அரச குடும்பத்துக்கென்று ஒதுக்கிய பால்மோரல் டார்டனை மட்டும் தவிர்ப்பது மரபு. பயப்பட வேண்டிய தவறுகள் வேறு.

ஒவ்வொரு குலத்துக்கும் ஆதிகாலத்திலிருந்தே ஒரு டார்டன் உண்டு என்று நம்புவது முதல் தவறு. 1746-இல் கலோடன் போரில், பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காகப் போரிட்ட ஜாக்கபைட் படை தோற்றபின், ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸின் ஆண்கள் டார்டனையும் கில்டையும் அணியக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு சட்டம் போட்டது. முதல்முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுபடி பிடிபட்டால் ஏழு வருடம் நாடு கடத்தல். படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782-இல் தடை நீங்குவதற்குள் ஒரு தலைமுறையே கடந்துவிட்டது. 1815-இல் லண்டனில் இருந்த ஹைலேண்ட் சங்கம், குலத்தலைவர்களிடம் அவரவர் டார்டன் மாதிரியைக் கேட்டபோது, தங்களுடையது எது என்றே பலருக்குத் தெரியவில்லை. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தார். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் முன்நின்று நடத்திய அந்த வரவேற்புக்காகப் பானக்பர்ன் ஊரின் வில்சன் நெசவாலை கட்டுக்கட்டாக டார்டன் நெய்து தள்ளியது. இன்றைய குலப் பெயர்களில் பல அந்தக் காலத்தில் ஒட்டிக்கொண்டவை.

அதற்காக "எல்லாமே கட்டுக்கதை" என்று சொல்லிவிடுவதும் தவறுதான், முன்னதைவிடப் பெரிய தவறு என்பேன். ஹைலேண்ட்ஸில் கிளென் அஃப்ரிக் சதுப்பு நிலத்தில் கிடைத்த டார்டன் துண்டு சுமார் 1500-1600 காலத்தது. தடை போட்டுப் பறித்த ஒன்றை மக்கள் திரும்ப எடுத்து, இருநூறு வருடமாக உடுத்தி வருகிறார்கள். அதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

சரி, கட்டும் விஷயத்துக்கு வருவோம். கடையில் பேன்ட் அளவைச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். கில்ட் இடுப்பில் நிற்பதில்லை, தொப்புள் உயரத்தில் நிற்கும். பேன்ட் போல இறக்கிக் கட்டினால் விளிம்பு முழங்காலுக்குக் கீழே தொங்கும். அது முழங்கால் சில்லின் நடுவில் நிற்க வேண்டும். கொசுவம் பின்னால், தட்டையான பகுதி முன்னால். சுமார் எட்டு கஜம் கம்பளித் துணியில் பெரும்பகுதி அந்தக் கொசுவத்தில்தான் இருக்கிறது. உட்காரும்போது புறங்கையால் அதை வழித்துவிட்டு உட்காருங்கள், இல்லாவிட்டால் எழும்போது கசங்கிப் போயிருக்கும்.

முன்பக்க மூலையில் குத்தும் ஊசியில் எல்லோரும் சறுக்குவார்கள். முன்னால் இரண்டு அடுக்குத் துணி இருக்கும். ஊசி மேல் அடுக்கில் மட்டும்தான் ஏற வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது இழுத்து, துணியே கிழியும். நடனம் ஆடும்போது, முன்பக்கம் தொங்கும் ஸ்போரன் பையை இடுப்பின் பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள். காலுறையில் செருகும் ஸ்கியன் டூ என்ற சிறு கத்தியைத் தேசிய உடையின் பகுதி என்று ஸ்காட்லாந்துச் சட்டம் ஏற்கிறது, விமான நிலையம் ஏற்காது. விமானத்துக்குள் கொண்டுபோகும் கைப்பையில் அதை வைக்காதீர்கள்.

கோட்டும் டையும் இருந்தால்தான் கில்ட் என்று நினைக்க வேண்டாம். அன்றாடம் கட்டுபவர்கள் குறைவுதான். ஆனால் எடின்பரோவின் மரேஃபீல்ட் மைதானத்தில் ரக்பி பார்க்க வருகிறவர் ஜெர்சியும் பூட்ஸுமாகத்தான் கட்டியிருப்பார், அதுவும் முறைதான்.

கடைசித் தவறு, கில்ட் கட்டியவரிடம் "உள்ளே என்ன?" என்று கேட்பது, விளிம்பைத் தூக்கிப் பார்ப்பது. மதுக்கடைகளில் வேலை செய்யும் ஆண்கள் இதைச் சகித்துச் சகித்து அலுத்துப் போயிருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் ஒருவர் உடைக்கு அடியில் படமெடுப்பது அங்கே குற்றம், கில்ட் கட்டிய ஆணுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. பேச்சுக் கொடுக்க ஆசையாக இருந்தால், "இது எந்த டார்டன்?" என்று கேளுங்கள். இடுப்புவார்களைத் தளர்த்திக்கொள்ள முடியும் என்பதால் நல்ல கில்ட் தலைமுறை தாண்டும். தாத்தா கட்டியது என்று சொல்லிவிட்டு, அப்புறம் தாத்தாவைப் பற்றியே பேச ஆரம்பித்துவிடுவார்.